குடியாத்தத்துத் தைலம் ஒன்றைச் சோதித்துப் பார்த்த அனுபவம்

2018ஆம் ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, பதினொரு மணியளவில், குடியாத்தத்தில் உள்ள எங்கள் வைத்தியசாலையின் கதவு தட்டப்பட்டது. மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் இளம் தாயும், அவருக்குப் பின்னால் குழந்தையின் ஆயாவும் (பாட்டி) நின்றிருந்தார்கள். குழந்தைக்கு வலிப்பு கண்டிருந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து வாயருகே குனிந்தபோது எங்கள் வீட்டுத் தைலத்தின் வாசனை என் முகத்தில் அடித்தது. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதென்று ஆயா ஒரு சிறு கரண்டித் தைலத்தை வெந்நீரில் கலந்து புகட்டியிருந்தார். "மேலே தடவினாலே கேக்குது, உள்ளே குடுத்தா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சுட்டேன் டாக்டரம்மா" என்று சொல்லி அழுதார்.

108 வண்டியில் தைலக் குப்பியையும் கையில் எடுத்துக்கொண்டு நானும் வேலூர் வரை சென்றேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கற்பூரம் எத்தனை சதவீதம் இருக்கு?" என்று கேட்டார். எங்கள் செய்முறைச் சீட்டில் எத்தனை பலம் (பழைய எடை அளவு) என்று எழுதியிருப்பது எனக்குத் தெரியும். காய்ச்சி வடித்து முடித்த தைலத்தில் எத்தனை விழுக்காடு நிற்கிறது என்று தெரியாது. நீலகிரித் தைலம் எவ்வளவு என்று அடுத்துக் கேட்டதற்கும் என்னிடம் பதில் இல்லை. சித்த மருத்துவப் பட்டம் பெற்றவள், மூன்று தலைமுறையாக வைத்தியம் பார்க்கும் குடும்பத்தில் பிறந்தவள், என் வீட்டில் காய்ச்சிய மருந்தைப் பற்றிய கேள்விக்கு வாய் மூடி நின்றேன். குழந்தை மூன்றாம் நாள் நலமாக வீடு திரும்பினாள். அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் அடுத்த மூன்று ஆண்டுகள் எனக்குச் சென்றன. சொந்தமாகத் தைலம் காய்ச்சும் வைத்தியர்களுக்கும், அதை வாங்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால், அந்தத் தேடலில் நான் கண்டதையும் தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எனக்கு உறைத்தது, 'தைலம்' என்ற சொல்லிலேயே இருக்கும் சிக்கல்தான். சித்த மருத்துவத்தில் தைலம் என்றால் நல்லெண்ணெயிலோ ஆமணக்கெண்ணெயிலோ மூலிகைச் சாறும் கற்கம் எனப்படும் அரைத்த விழுதும் சேர்த்து, சிறு தீயில் காய்ச்சி, பதம் பார்த்து வடிப்பது. அதில் பெரும்பகுதி அடிப்படை எண்ணெய். மூலிகையின் சாரம் சிறு பங்கு. நீலகிரித் தைலம் அப்படிப்பட்டதன்று. இலையை நீராவியில் வேகவைத்து, ஆவியோடு எழும் எண்ணெயைக் குளிரவைத்துப் பிரித்தெடுப்பது. அதில் அடிப்படை எண்ணெய் ஒரு துளியும் இல்லை, மருத்துவத் தரமுள்ளதாக இருந்தால் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் சினியோல் என்ற ஒரே வேதிப்பொருள். இரண்டுக்கும் நாம் ஒரே பெயரை வைத்துவிட்டோம். அதனால்தான் ஆயாவின் மனத்தில் அது எண்ணெய்க் குளியலுக்குத் தேய்க்கும் தைலத்தின் உறவாக இருந்ததே தவிர, சில மில்லிலிட்டரிலேயே குழந்தைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் வரவழைக்கக்கூடிய பொருளாகத் தோன்றவில்லை.

இதோடு சேர்த்து நினைக்க வேண்டியது இன்னொன்று. யூகலிப்டஸ் மரம் நீலகிரிக்கு வந்தது 1843 வாக்கில், ஆங்கிலேயர் காலத்தில். நம் பாட்டன் பூட்டன் காலத்து அனுபவம் என்று சொல்லிப் பாதுகாப்புக்குச் சான்று காட்ட அந்த எண்ணெய்க்கு உரிமை குறைவு. நொச்சிக்கு அந்த உரிமை உண்டு என்று நான் நம்பினேன். அதையும் சோதித்துப் பார்த்தபோது தெளிவு வந்தது. கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில், கிளெவெஞ்சர் கருவி எனப்படும் கண்ணாடி வாலையில் அரைக் கிலோ நொச்சி இலையைப் போட்டு மூன்று மணி நேரம் காய்ச்சினேன். அளவுக் குழாயில் மிதந்த எண்ணெய் அரை மில்லிலிட்டரை எட்டவில்லை. ஆவி பிடிக்க நாம் போடுவது ஒரு கைப்பிடி இலை. நொச்சி இலையை நூற்றாண்டுகளாகத் தீங்கின்றிப் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது உண்மை. அந்த உண்மை இலைக்கும், அந்த அளவுக்கும், அந்த முறைக்கும் உரியது. கிலோக்கணக்கான இலையின் சாரத்தை ஒரு கரண்டியில் அடக்கியபின் அந்தப் பழைய சான்று அதோடு கூடவே வராது.

வசம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மேலே செல்கிறேன், ஏனென்றால் இளம் தாய்மார்கள் இதை என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பிள்ளை வளர்ப்பான் என்றே நாம் அழைக்கும் அந்தக் கிழங்கை விளக்கில் சுட்டுக் கரியாக்கி, உரைத்துத் தொட்டு வைப்பதுதான் நம் வழக்கம். இந்திய வசம்பிலிருந்து வடித்த எண்ணெயிலோ பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் மிகுதியாக இருக்கிறது. விலங்குகளில் புற்று உண்டாக்கியதைக் கண்டு அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டிலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சுட்டுக் கொடுத்தவர்கள் காரணத்தோடுதான் சுட்டார்கள் என்று நான் கருதுகிறேன். 'வசம்பு எண்ணெய்' என்று குப்பியில் விற்பதை வாங்கிக் குழந்தையின் நாக்கில் வைப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி ஆகாது.

எங்கள் தைலத்துக்கு வருகிறேன். நல்லெண்ணெயில் நொச்சிச் சாறு விட்டுக் காய்ச்சி வடித்து, இறக்கியபின் நீலகிரித் தைலம், கற்பூரம், ஓம உப்பு (தைமால்), புதினா உப்பு (மென்தால்), விண்டர்கிரீன் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்ப்போம். மூட்டு வலிக்கும் சளிக்கும் பெயர் பெற்றது. அப்பாவுக்குக் கையளவுதான் கணக்கு. "என் கை தப்பாதும்மா, நாப்பது வருசக் கை" என்றார். நான் வாதாடவில்லை. "அப்பா, நீங்க எப்பவும் போல எடுங்க, போடறதுக்கு முன்னாடி நான் தராசுல வச்சுக் குறிச்சுக்கறேன்" என்று மட்டும் கேட்டேன். ஆறு முறை காய்ச்சியதைக் குறித்ததில், குறைவாகப் போட்டதைவிட மிகுதியாகப் போட்டது ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. குறிப்பேட்டைப் பார்த்த அப்பா நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் அவரே தராசை எடுத்து வந்து காய்ச்சும் அறையில் வைத்தார். அதைவிட முக்கியமான ஒன்றும் அப்போது தெரிந்தது: எண்ணெய் நல்ல சூட்டில் இருக்கும்போதே கற்பூரத்தைப் போட்டால் அது ஆவியாகிப் போய்விடுகிறது. போட்ட அளவு ஒன்று, நின்ற அளவு வேறு. ஆகவே செய்முறைச் சீட்டைப் பார்த்து விழுக்காட்டைச் சொல்ல முடியாது. முடிந்த தைலத்தைத்தான் அளக்க வேண்டும்.

கலவையில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஜி.சி.எம்.எஸ். என்ற கருவியில் அளக்கக் கொடுத்தேன். அன்றிரவு வேலூருக்கு எடுத்துச் சென்ற குப்பியில் 100 மி.லி.க்கு 15 கிராம் கற்பூரம் இருந்தது. அதாவது 5 மி.லி. கரண்டியில் 750 மி.கி.; 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல். கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் உட்சென்றிருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது நச்சியல் மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு. வெளிப்பூச்சு மருந்துகளில் 11 விழுக்காட்டுக்கு மேல் கற்பூரம் இருக்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டே வரையறுத்துவிட்டார்கள். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கருவி தந்த எண் ஒன்று கையில் இருந்திருந்தால், இதைப் போட ஒரு பென்சிலே போதுமானதாக இருந்திருக்கும்.

வாங்கும் பொருளின் தூய்மையும் அதே சோதனையில் வெளிப்பட்டது. மூன்று கடைகளில் வாங்கிய நீலகிரித் தைலத்தில் ஒன்று, செடியில் இருக்கவே முடியாத டையெத்தில் தாலேட் என்ற கரைப்பானைக் காட்டியது. நறுமணப் பொருள்களின் அளவைக் கூட்டிக் காட்டக் கலப்பது அது. எல்லோராலும் ஒவ்வொரு முறையும் பெரிய கருவிக்குப் பணம் கட்ட முடியாது என்பதால், நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வைப்பேன். எண்ணெய்க் கறை தங்கினால் சமையல் எண்ணெய் போன்ற ஏதோ கலந்திருக்கிறது. அடர்த்தியும் ஒளிவிலகல் எண்ணும் எந்தக் கல்லூரி வேதியியல் கூடத்திலும் பார்க்கலாம். நீலகிரித் தைலத்துக்கு அடர்த்தி 0.906 முதல் 0.927 வரையும், ஒளிவிலகல் எண் 1.458 முதல் 1.470 வரையும் இருக்க வேண்டும். இவற்றில் தவறும் டின்னைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இவற்றில் தேறியதை மட்டும் ஆண்டுக்கு இரு முறை பெரிய சோதனைக்கு அனுப்புகிறேன். பூசைக்கு விற்கும் சூடத்தை மருந்தில் போடுவதை அறவே நிறுத்திவிட்டோம். ஈயம், பாதரசம் போன்ற உலோகச் சோதனைகளில் எங்கள் தைலம் சிக்கலின்றித் தேறியது.

அடுத்து வந்தது உயிரணுச் சோதனை. வேலூரில் ஆய்வு செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட மாணவி ஒருவர் இதில் எனக்குத் துணை நின்றார். 96 குழிகள் கொண்ட நெகிழித் தட்டில் தோல் உயிரணுக்களை வளர்த்து, ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு அளவில் தைலத்தை விட்டு, மறுநாள் எத்தனை உயிரணுக்கள் பிழைத்திருக்கின்றன என்று நிறமாற்றத்தால் கணக்கிடுவது முறை. முதல் முறை, தைலமே விடாத ஒப்பீட்டுக் குழிகளிலும் உயிரணுக்கள் செத்துக் கிடந்தன. கிருமி புகுந்துவிட்டதென்று எண்ணி இரண்டு வாரத்தை வீணாக்கினோம். உண்மையில், பக்கத்துக் குழியிலிருந்து எழுந்த தைலத்தின் ஆவி மூடிக்கு அடியிலேயே பரவி அவற்றைக் கொன்றிருந்தது. தட்டின் நெகிழியும் சில குழிகளில் மங்கிப்போயிருந்தது. இத்தகைய எண்ணெய்கள் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பிறகு இடையிடையே வரிசைகளைக் காலியாக விட்டோம், குழிகளின் மேல் படலம் ஒட்டினோம், கரைசல்களைக் கண்ணாடிக் குப்பியில் மட்டும் கலந்தோம், எண்ணெயைத் தண்ணீரில் கரைக்கச் சேர்த்த ட்வீன் 80ஐ மட்டும் தனியே விட்டு அதன் பாதிப்பையும் அளந்தோம். நறுமண எண்ணெய் பற்றிய ஓர் ஆய்வு முடிவைப் படிக்கும்போது, இந்த நான்கையும் செய்திருக்கிறார்களா என்று இப்போது முதலில் தேடிப் பார்க்கிறேன்.

விலங்குச் சோதனையைப் பற்றி எனக்கு மனப்போராட்டம் இருந்தது. வாய்வழி நச்சுத்தன்மைக்கு, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 423ஆம் எண் வழிமுறை உண்டு. ஒரு படிக்கு மூன்று எலிகள், 14 நாள் கண்காணிப்பு, நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். கிலோவுக்கு 2000 மி.கி. கொடுத்தும் எலி சாகவில்லை என்று தாளில் எழுதி வாங்கினால், 'பாதுகாப்பானது என நிரூபிக்கப்பட்டது' என்று விளம்பரம் போடலாம் என ஒருவர் எனக்கு ஆலோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். நலமான, வளர்ந்த எலி, ஒரே ஒரு வேளை, இரண்டு வாரம்: இது எங்கள் ஊர்க் குழந்தையைப் பற்றியோ, ஆறு மாதம் தினமும் முழங்காலில் தேய்க்கும் முதியவரைப் பற்றியோ எதையும் சொல்லாது. கற்பூரமும் சினியோலும் மனிதக் குழந்தைகளுக்கு என்ன செய்யும் என்பது மருத்துவப் பதிவுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மறுபடி எலியிடம் கேட்பது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் முடிவு. உள்ளே கொடுக்கும் புதிய கூட்டு மருந்தாக இருந்திருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும்.

எங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது தோல் சோதனை. தோல் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, தமிழில் எழுதிய சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியபின், வளர்ந்தவர்கள் முப்பது பேரின் முதுகில் நீர்த்த தைலத்தை ஒட்டுப் பட்டையாக ஒட்டினோம். 48 மணி நேரம் கழித்து எடுத்து ஒரு முறையும், 96 மணி நேரத்தில் மறு முறையும் பார்க்க வேண்டும். ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டாம் பார்வையில்தான் தெரியும் என்பதால் அதைத் தவறவிடக் கூடாது. புதிதாகக் காய்ச்சிய தைலத்துக்கு எவர் தோலும் சிவக்கவில்லை. நிறைவாக இருந்தது. அப்போது அந்த மருத்துவர், "நீங்க காய்ச்சின அன்னிக்கே யாரும் தடவறதில்லையே, வீட்ல ஒரு வருசம் கெடக்கற குப்பியில இருக்கறத டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் செய்திருக்கவில்லை. எல்லாச் சோதனைக்கும் புதுக் குப்பியையே அனுப்பியிருந்தோம். வைத்தியசாலை சன்னலோரம் ஓராண்டாகக் கிடந்த, பாதி தீர்ந்த குப்பிகளை எடுத்து, மீண்டும் ஒப்புதல் பெற்று, அதே முறையில் வைத்தபோது நான்கு பேருக்குத் தோல் சிவந்து தடித்தது. காரணம் வேதியியலில் தெளிவாகவே இருக்கிறது: இத்தகைய எண்ணெய்களில் உள்ள லிமோனீன், பைனீன் போன்றவை காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரோபெராக்சைடுகளாக மாறுகின்றன; ஒவ்வாமையைத் தூண்டுபவை பெரும்பாலும் அவைதாம். குப்பி பாதி காலியானபின் உள்ளே காற்றுக்கு இடம் கூடுகிறது, மாற்றமும் விரைகிறது.

இங்கே வேலூர் வெயிலைச் சொல்லாமல் இருக்க முடியாது. மருந்தின் ஆயுளைக் கணிக்க 40 டிகிரி வெப்பத்தில், 75 விழுக்காடு ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது வழக்கம்; அதற்கு விரைவுபடுத்திய சோதனை என்று பெயர். அக்னி நட்சத்திரத்தில் நம் பகுதியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆம்பூரிலும் ஆர்க்காட்டிலும் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கடைகளில் அதற்கும் மேல். ஆய்வுக்கூடத்தில் கடுஞ்சோதனை எனக் கருதப்படும் வெப்பம் இங்கே சாதாரணக் கோடைக்காலம். எனவே அடைத்த குப்பிகளை எங்கள் வீட்டுப் பின்கட்டில் உள்ள தகரக் கொட்டகையில் ஒரு முழுக் கோடை வைத்து, மாதத்துக்கு ஒன்றாக எடுத்துப் பெராக்சைடு அளவைப் பார்த்தேன். அதன்பிறகு மூன்று மாற்றங்களைச் செய்தோம். வெள்ளைக் கண்ணாடியை விட்டுப் பழுப்புக் கண்ணாடிக்கு மாறினோம், 100 மி.லி. குப்பியை நிறுத்தி 25 மி.லி. மட்டும் அடைக்கிறோம், காலாவதித் தேதியோடு, திறந்த நாளை எழுதிக்கொள்ள ஒரு கட்டமும், திறந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற வரியும் சேர்த்திருக்கிறோம்.

விண்டர்கிரீன் எண்ணெயை முழுவதுமாக நீக்கிவிட்டோம். அதில் ஏறக்குறைய எல்லாமே மெத்தில் சாலிசிலேட்தான். கலக்காத எண்ணெய் 5 மி.லி.யில் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு ஈடான சாலிசிலேட் இருக்கிறது. இதய வால்வு மாற்றிக்கொண்டு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்களிடமும் மூட்டு வலிக்கு வருகிறார்கள். தோலில் தேய்த்தாலே அது உள்ளே ஊடுருவி, அந்த மாத்திரையின் வேலையைக் கூட்டி, இரத்தக் கசிவுக்கு வழி செய்யக்கூடும். கற்பூரத்தை 5 விழுக்காட்டுக்குக் குறைத்தோம். பழைய காட்டம் இல்லை என்று சிலர் வேறு தைலத்துக்குப் போய்விட்டார்கள். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டோம்.

சொந்த நோயாளிகளுக்கு மட்டும் வைத்தியர் காய்ச்சிக் கொடுக்கும் மருந்துக்கு 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தில் உரிமம் தேவையில்லை. கடைக்குக் கொடுத்தால்தான் தேவை. இந்த விலக்கு, சோதிக்காமல் இருக்கத் தரப்பட்ட அனுமதி என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஒரு தராசு, வடிதாள், குறிப்பேடு, ஆண்டுக்கு இரண்டு ஆய்வுக்கூடக் கட்டணம் ஆகியவை எந்தச் சிறு வைத்தியசாலைக்கும் தாங்கும் செலவுதான். குறிப்பாக ஒவ்வொரு முறை காய்ச்சிய தைலத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதில் ஒரு குப்பியை இரண்டு ஆண்டு எடுத்து வைப்பதற்குச் செலவே இல்லை.

வீட்டில் தைலம் வைத்திருப்பவர்களுக்கு: குழந்தை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரல் கெடும். வலிப்பும் எந்த நிமிடத்திலும் வரலாம். 108ஐ அழையுங்கள்; குப்பியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ நெஞ்சிலோ கற்பூரமும் புதினா உப்பும் கலந்த எதையும் தடவ வேண்டாம்; மூச்சே தடைபட்டுப் போக வாய்ப்புண்டு. சளிக்கு வளர்ந்தவர்கள் நொச்சி இலையை வெந்நீரில் போட்டு ஆவி பிடிக்கலாம். நான் இன்றும் அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் குப்பியில் இப்போது பெயருக்கு அடுத்த வரியிலேயே, பெயருக்குச் சமமான எழுத்தில், 'குடிக்கக் கூடாது' என்று சிவப்பில் இருக்கிறது. அதற்குக் கீழே கற்பூரம் எத்தனை விழுக்காடு, நீலகிரித் தைலம் எத்தனை விழுக்காடு என்பதும், கற்பூரத்துக்கு மட்டும் 5 மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் என்பதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. புதிய ஒட்டுச்சீட்டு அச்சாகி வந்த அன்று அந்த ஆயா பேத்தியோடு எங்கள் வாசலில் கீரை விற்க வந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சிவப்பு எழுத்தைக் காட்டி, இது என்னவென்று படித்துச் சொன்னேன். "படம் போட்டிருந்தா என்னாட்டம் ஆளுக்கும் தெரியுமேம்மா" என்றார். அடுத்த அச்சில் வாய்க்குக் குறுக்கே கோடு போட்ட படம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.